பன்றி அறுப்புக்கு நீ கொண்டுவந்த பாட்டில்

ஒசியெக் அருகிலிருந்து,
டிசம்பர் 5

மிர்கோ அண்ணனுக்கு யாஸ்னா எழுதுவது.

இங்கே யாரும் நலமாக இல்லை. நீ அங்கே நலமா என்று கேட்கவும் இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதத்தில் திட்டுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய காபியும் சாக்லேட்டும் வந்தன. கூடவே ஒரு சீட்டு: "இந்த வருஷம் பன்னி அறுப்பு பிரமாதம், மச்சானைக் கேட்டதா சொல்லு." சொல்லவில்லை. உன் மச்சான் பதினேழு நாளாகக் குடித்துவிட்டுப் பின்பக்கத்து அறையில் கிடக்கிறார். மரப் பட்டறையில் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அவரைக் குடியிலிருந்து மீட்ட அந்தக் கிளப்பை நான் எப்படித் தேடிப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியுமா? ஒன்றரை வருஷம் அலைந்தேன். டாக்டர் மாத்திரை எழுதினார், ஒரு நம்பரும் கொடுத்தார். அதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பாதிரியார் ஜெபம் பண்ணச் சொன்னார், சொல்லிவிட்டு எங்கள் வீட்டு ஒயினையே வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கடைசியில் ரொட்டி வண்டிக்காரி சொன்னாள், பக்கத்து ஊர் தீயணைப்பு நிலையத்து மாடியில் வியாழக்கிழமைதோறும் ஆறு மணிக்குக் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள் என்று. அவள் புருஷனும் போகிறானாம். நாலு கிலோமீட்டரில் இருந்ததை அதுவரை ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டால் வெட்கமாம்! தெருவில் விழுந்து கிடக்கும்போது வராத வெட்கம்.

அங்கே குடித்தவர் மட்டும் போனால் ஆகாது. வீட்டு ஆள் ஒருவரும் கூட உட்கார வேண்டும், அவரும் குடிக்கக் கூடாது. கிளப்பை நடத்தும் பிசெர்கா, ஓய்வுபெற்ற நர்ஸ், இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடிச்சது அவரு, நான் எதுக்குங்க குத்தவாளி மாதிரி உக்காரணும்?" என்று கத்தினேன். "இது வீட்டுக்கே வந்த சீக்கும்மா, அவர் மட்டும் வந்து என்ன பண்ண?" என்றாள். உட்கார்ந்தேன். அப்பா வைத்துவிட்டுப் போன பிளம்ஸ் சாராயம் நாற்பது லிட்டரையும் நானே சாக்கடையில் கொட்டினேன். அதைக் கேள்விப்பட்டு நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் சீரழிந்த வருஷங்களில் ஒரு நாளாவது நீ கோபப்பட்டது உண்டா?

இருநூற்றுப் பதினோரு நாள் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, அண்ணா. மகள் லூசியா தன் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவர ஆரம்பித்திருந்தாள். அதற்கு முன் ஒரு பிள்ளையையும் அவள் வாசல்படி ஏற விட்டதில்லை.

இந்த வருஷம் பன்றி அறுப்பே வேண்டாம் என்றுதான் பிசெர்கா சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. சாராயம் ஊற்றாமல் கத்தியைத் தொடாத ஊர் இது என்று தெரிந்தும், அறுக்க வந்த அக்கம்பக்கத்தாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, எலுமிச்சை பிழிந்த டீக்குச் சம்மதிக்க வைத்தேன். முணுமுணுத்தார்கள், ஆனால் குடித்தார்கள். அப்போதுதான் நீ கார் டிக்கியைத் திறந்து சாராய பாட்டிலை எடுத்தாய். "டீ குடிச்சிட்டுப் பன்னி அறுக்குற கூத்தை நான் ஜெர்மனியில கூடப் பாத்ததில்லடா சாமி!" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவர் வேண்டாம் என்றார். மூன்று தடவை சொன்னார். "என்ன மச்சான், எந்தங்கச்சி உன்னையும் சேத்துச் சாக்கடையில ஊத்திட்டாளா?" என்று கேட்டுக் கோப்பையைக் கையில் திணித்தாய். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அந்தப் பார்வைக்காக உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.

போன வாரம் பிசெர்கா வீடு தேடி வந்தாள். "மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணலாம்பா, எத்தனையோ பேர் எண்ணியிருக்காங்க" என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மிர்கோ கேட்டதுல என்ன தப்பு? நான் ஆம்பளையா இருந்தே ரொம்ப நாளாச்சு" என்கிறார். என் பேச்சு இனி எடுபடாது. நீ வா. வந்து, ஊற்றியது தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். உன் வாயால் கேட்டால் எழுந்திருப்பார். அவரைப் படுக்கையில் தள்ளிய ஆள்தான் வந்து தூக்கிவிட வேண்டும்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு ஊற்றும்போது உன் கை நடுங்கியது. அதற்குள் நீ ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை. முதல் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய், அப்புறம்தான் நடுக்கம் நின்றது. இவருக்கும் அப்படித்தான் இருந்தது. அண்ணி வரவில்லையா என்றதற்கு வேலை என்றாய். மூன்று வருஷமாக அண்ணிக்கு வேலை. நேற்று அவளுக்கு ஃபோன் செய்தேன். அழுதாள்.

மச்சானுக்குத் துணையாக வருகிறாய் என்று மட்டும்தான் கிளப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே உனக்கே ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். காரை எடுக்காதே அண்ணா, ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

கோபம் கொஞ்சமும் ஆறாத உன் தங்கை,
யாஸ்னா