நீங்க விட்டுப்போன ஏழாம் நம்பர்

அன்பான மாப்பிள்ளைக்கு,

எங்க இருந்தாலும் உக்காந்துட்டுப் படிங்க. பல்லடம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருந்து எழுதறேன். ஒரு கையில பேனாவும் ஒரு கையில கிளாஸுமா எழுதறதுல பாதி டீ வேட்டியிலதான் இருக்குது.

என் தங்கச்சி, உங்க சம்சாரம், ஒரு நம்பர் லாட்டரி ஆட ஆரம்பிச்சுபோட்டா. நம்புவீங்களா? உங்க சட்டைப் பையில சீட்டைப் பாத்தா விளக்குமாத்தைத் தூக்கினவ!

உங்க கணக்கேதான். ஏழுல முடியற சீட்டு. உழுகலைன்னா மறுநாள் ரெண்டு மடங்கு. என்னைக்கு உழுந்தாலும் போனதெல்லாம் ஒரே நாள்ல திரும்பிரும். பள்ளிக்கூடத்துல கணக்குக்கு முட்டை வாங்கின எனக்கே புரிஞ்ச கணக்கு. டீக்காசுல தொடங்கி நாலு தறியைத் தின்னுது. கடைசியில ஏழு வரலை, உங்களுக்கு நெஞ்சுவலிதான் வந்துது. துக்கத்துக்கு வந்த சனம்கூட, "பாவமுங்க, இன்னைக்கு என்ன நம்பருங்க?"ன்னுதான் கேட்டுது.

காரியம் முடிஞ்ச மறுநாளே இவ ஆரம்பிச்சுட்டா. சின்னக் காசா இருந்தவரைக்கும் தறியோட்டறவரை அனுப்பினாளாம். இன்னைக்குப் பெருந்தொகை, அண்ணன் வேணுமாம். கழட்டி வெச்ச தாலிக்கொடியை அடகு வெச்ச பணம், மாப்பிள்ளை.

"இத்தனை நாளா ஏழு வரலீங்கண்ணா. இனி வந்துதானுங்களே ஆகோணும்? நடுவுல உட்டா அவரு போட்டதெல்லாம் வீணாப் போயிருமுங்க."

"ஏன் அம்மணி, ஏழுக்கு நம்ம ஊட்டு அட்ரஸ் தெரியுமா?"

சிரிக்கலீங்க. என்னைப் பாக்கக்கூட இல்லை. அவ கண்ணுல நீங்க உக்காந்திருந்தீங்க. அப்பப் புடிச்ச பயம் இன்னும் போகலை.

பணம் என் பையில இருக்குது. சீட்டு வாங்கலை. மூணு மணிக்கு ரிசல்ட். ஒரு சீட்டும் வாங்காம நானும் சூதாடிட்டு இருக்கறேன், ஏழு வந்துறக் கூடாதுன்னு! வந்துருச்சுன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? வராட்டி, "அப்ப நாளைக்கு உறுதிங்கண்ணா"ம்பா. நாளைக்கு ரெண்டு மடங்குக்கு, மிச்சமிருக்கற ரெண்டு தறியும் போகோணும். எது மோசம்னு நீங்களே சொல்லுங்க.

எதிர்த்தாப்புல லாட்டரிக் கடைக்காரர் நம்பர் எழுதற பலகையைத் தொடைக்கறாரு. நான் அந்தப் பக்கம் திரும்பப் போறதில்லை. அடகுக்கடைக்குப் போறேன். கொடியை மீட்டு அவ கையில வெச்சு, வாங்கலைன்னு சொல்லிப்போடுவேன். ஏழே வந்திருந்தாலுஞ் சொல்லுவேன். கதவைச் சாத்துனா, அவ மறுபடி தறியோட்டற சத்தம் கேக்கற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். இது உங்க மேல சத்தியம்.

இப்படிக்கு,
இருக்கற ஒரே தங்கச்சியையும் உங்க பின்னாடி அனுப்ப மனசில்லாத
உங்க மச்சான்