மாரிக்கு இரண்டு கிளி

ஜூலை 6, சனி

விடியும்போதே வெயில். காற்று இல்லை. இன்றைய வேலை: அறிவியல் தேர்வுக்கு எலும்பு மண்டலம், தங்கை மாரிக்குத் தலை பின்னுதல், நூலகப் புத்தகம் (இரண்டு நாள் தாமதம்).

மாரி எழுந்ததும் வாந்தி. இந்த வாரம் மூன்றாவது. "தலை வலிக்குதுக்கா." பத்து மணிக்கெல்லாம் சரியாகி விளையாடப் போய்விட்டாள். அம்மா: "பள்ளிக்கூடம் இல்லாத அன்னைக்குமாடி நடிப்பு?" நானும் சிரித்தேன்.

அவளுக்கு ஐந்து வயது. தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கங்களில் ஒடுங்கியிருக்கும். எதிர்வீட்டுப் பேச்சியக்கா இன்றும் கேட்டுவிட்டாள்: "கைப்பிள்ளையில எண்ணெ வச்சுத் தலைய உருட்டி விடலையாக்கும்? சொரைக்கா கணக்கால்ல இருக்கு." அம்மா மாரியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

தேர்வு சுலபம். மண்டையோட்டின் பணி யாது? "மூளையைப் பாதுகாக்கிறது."

அப்பா அச்சகத்திலிருந்து கிளிப் படம் போட்ட பட்டாசு லேபிள் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் வேஸ்ட் ஷீட்தான். நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிபவை. ரிஜிஸ்டர் அவுட் என்பார் அப்பா. என் நோட்டு அட்டை, அலமாரி விரிப்பு, மாரியின் விளையாட்டு, எல்லாம் அதில்தான்.

மாரி: "அப்பா, ரெண்டு கிளி!"

அப்பா: "ஏத்தா, லென்சு வச்சு நான் பாக்குறத நீ சும்மாவே கண்டுபிடிச்சிட்டியே! பேசாம நாளைக்கு நீ கம்பெனிக்குப் போ, நான் ஒண்ணாப்பு போறேன்."

எல்லோரும் சிரிப்பு. மாரிக்கு ஒரே பெருமை.

ஜூலை 14, ஞாயிறு

மேகம். மழை வந்தால் வெடி காயாது என்று தெருவே வானத்தைத் திட்டுகிறது.

நோட்டுக்கு அட்டை போட அந்தக் கிளியை எடுத்தேன். அப்பாவின் லென்ஸை வைத்துப் பார்த்தேன். விலகலே இல்லை. ஓரம் கிழிந்ததால் ஒதுக்கிய நல்ல ஷீட். ஒரு கிளி. ஒரு அலகு.

மாரியைக் கூப்பிட்டேன். எத்தனை? "ரெண்டு." ஒரு கண்ணைப் பொத்தினேன். "ஒண்ணு." கையை எடுத்தேன். "ரெண்டு."

பிறகு என்னைப் பார்த்து, "நீயும் ரெண்டுதான்க்கா."

இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. போன மாதமே பேச்சியக்கா சொன்னாள், மாறுகண்ணு அதிஷ்டம் என்று. நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்பாவிடம் சொன்னேன். லென்ஸை வாங்கி ஷீட்டை மூலைக்கு மூலை பார்த்தார். அப்புறம் மாரியைப் பார்த்தார். சாப்பிடவில்லை.

ஜூலை 17, புதன்

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மாரியின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஸ்கேன். அவர் சொன்னது, மறக்காமலிருக்க:

குழந்தைகளின் மண்டை எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மூளை வளர வளர அது இடம் கொடுக்கும். மாரிக்கு ஒரு இணைப்பு பிறக்கும் முன்பே ஒட்டிவிட்டது. மூளைக்கு இடம் போதவில்லை. உள்ளே அழுத்தம். காலைத் தலைவலி, வாந்தி, இரட்டையாகத் தெரிவது எல்லாம் அதனால். கண் நரம்பு வீங்கி, வெளுக்கவும் ஆரம்பித்துவிட்டது; பார்வை குறைந்துகொண்டே வருகிறது.

அம்மா: "நான் எண்ணெ வச்சு உருட்டி விடாததாலயா டாக்டரம்மா?"

"இல்லம்மா. யாரு உருட்டுனாலும் இது மாறாது. உங்க தப்பு இல்ல."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஐந்து வருட அழுகை.

அப்பா: "ஆபரேசன் பண்ணா கண்ணு தெளிஞ்சிரும்லங்க?"

"ரெண்டா தெரியுறது சரியாகலாம். ஆனா பார்வையில போனது வராது. மிச்சத்தக் காப்பாத்தத்தான் அவசரப்படுறோம்."

நடிப்பு என்று சிரித்தேனே.

ஜூலை 21, ஞாயிறு

நாளை ஆபரேஷன். எலும்பை வெட்டி இடம் பண்ணுவார்களாம். முடி எடுத்தார்கள். அம்மா முடியைத் துணியில் முடிந்துகொண்டாள், இருக்கன்குடி மாரியம்மனுக்கு. மாரி நர்ஸிடம், "எங்கக்காவுக்கும் மொட்டை போடுங்க!" நர்ஸ்: "ஒங்கக்கா ஓடிரும்டி."

தோழி போன் செய்தாள். விடைத்தாள் வந்துவிட்டதாம். மண்டையோட்டுக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

ஜூலை 30, செவ்வாய்

முகவீக்கம் வடிந்துவிட்டது. வாந்தி இல்லை. தலைவலி இல்லை. காலையில் எழுந்ததும் இட்லி கேட்டாள். தட்டைத் தடவித்தான் எடுத்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டில். லேசான தூறல். மாரியின் இடது கண் நேராகிவிட்டது.

அப்பா ஓனரிடம் கேட்டு ஒரு நல்ல ஷீட் வாங்கி வந்தார். வேஸ்ட் இல்லாதது, முதன்முறையாக. கிளி ஆர்டர் முடிந்து லோடு ஏறிவிட்டதாம். இது மயில். ஷீட் முழுக்கத் தோகை.

மாரி அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். தலையைச் சாய்த்தாள். விரலால் தடவினாள்.

"ஒரே கிளிதான்ப்பா!"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாத்தா. ஒண்ணே ஒண்ணுதான்."