சலீம் விரலுக்கு ஓடிய வண்டி

அன்பு மச்சான் சலீமுக்கு,

நம் ப்ராஜெக்ட் ஒருவழியாக முடிந்தது. நேற்று காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். அவ்வளவு அசதி.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்த பிறகு அந்த ரோபோ வண்டி என் ஒருவன் தலையில். கிளவுஸை மாட்டிக் கையைச் சாய்த்தால் அது திரும்ப வேண்டும், விரலை மடக்கினால் நிற்க வேண்டும். உன் கைக்கு அப்படித்தான் ஓடியது. என் கைக்கு இரண்டடி போகும், நின்றுவிடும். மறுபடியும் இரண்டடி.

"இன்னாபா ஏயுமல, ஒரே பேஜாரா கீது? ஒயரு பூட்சா?" என்று என்னைக் கேட்டார் லேப் அட்டெண்டர் தேசிங்கு அண்ணன்.

ஒயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன். உன்னைத் திட்டவும் செய்தேன். இப்படிப் பாதியில் விட்டுப் போக எப்படியடா மனசு வந்தது?

பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. சின்ன வயதில் உங்கள் சைக்கிள் கடை ஷட்டரில் நசுங்கிய உன் மோதிர விரல் முழுசாக மடங்காது. அதனால் அது லேசாக வளைந்தாலே வண்டி நிற்கும்படி செய்து வைத்திருக்கிறாய். என் விரலோ சும்மா இருக்கும்போதே அவ்வளவு வளைந்திருக்கிறது. நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்கு இது தோன்றவில்லை பார். நீயும் அந்தக் கையை எப்போதும் பாக்கெட்டில்தான் வைத்திருப்பாய்.

புரோகிராமில் ஒரே ஒரு நம்பர். மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் அது உன் விரல் அல்லவா? இரண்டு நாள் தொடாமல் இருந்துவிட்டு, பரீட்சை அன்று காலையில் மாற்றினேன். வண்டி அழகாக ஓடியது. வெளியூரிலிருந்து வந்த சார், "ரெண்டு பேர் போட்டிருக்கே, இன்னொருத்தர் எங்கப்பா?" என்றார். நான் கிளவுஸைக் கழற்ற ஆரம்பித்தேன். தேசிங்கு அண்ணன்தான் சொன்னார்.

இன்று கடைத்தெருவில் உன் அம்மாவைப் பார்த்தேன். "வூட்டாண்ட எடுத்தாந்து ஒருவாட்டி ஓட்டிக் காட்டுப்பா. அவன் சொல்லிக்கினே இருந்தான், நான்தான் காதுல வாங்கல" என்றார்கள்.

வந்ததும் உன் பழைய நம்பரையே திரும்பப் போட்டுவிட்டேன். மோதிர விரலை உன்னைப் போலவே விறைப்பாக வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். விண் விண்ணென்று வலிக்கிறது. நாலு வருஷமும் உனக்கு இப்படித்தான் வலித்ததா?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வருகிறேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் ஓரிடத்திலும் நிற்காமல் ஓட்டிக் காட்டுவேன், சத்தியம். அம்மா வண்டியைப் பார்ப்பார்களா, என் விரலைப் பார்ப்பார்களா, அதுதான் தெரியவில்லை.

உன் கையை மாட்டிக்கொண்டிருக்கும்
உன் மச்சான்,
ஏழுமலை