அபூ ஷாகிர் கடைக்கு நாற்பது தேடல்கள்

அம்மான்,
ஜனவரி 14

அன்புள்ள ஹதீல்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அக்கா ரீமாவும் பிள்ளைகளும் சுகம்தானே? எட்டு மாதமாக உன்னைப் போனில் பிடிக்கப் பார்க்கிறேன். நீ எடுப்பதில்லை. குரல்பதிவு அனுப்பினால் அது கேட்கப்படாமலே கிடக்கிறது. சரி, இவளுக்கு எழுத்துதான் ஆகும்போல என்று மின்னஞ்சலுக்கு வந்துவிட்டேன்.

நம் விளம்பர அலுவலகத்தில் உன் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதைச் சொல்லி உன்னை உருக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, இடம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். நீ போன பிறகு இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள், ஒருவர் வந்தார். வந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெயர் அபூ ஷாகிர். ஜபல் ஹுசைனில் காது கேட்கும் கருவி விற்கிறார். இணையத்தில் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தில் என்ன போடலாம் என்றால், "மகளே, என் மெஷின் ஜெர்மனிலேருந்து வருது, பதினாறு சேனல். அத மொதல்ல போடு" என்கிறார். போட்டேன். ‘நவீன டிஜிட்டல் ஒலிக் கருவிகள்.’ கிளிக் குவிகிறது, கடைக்கு ஆள் வரவில்லை. போன வாரம் நேரில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒருத்தன் காருக்கு ஸ்பீக்கர் இருக்கான்னு கேக்கறான். இன்னொருத்தன் பள்ளிவாசல் மைக் ரிப்பேர் பண்ணுவீங்களாங்கறான். நான் காதுக்கு மெஷின் விக்கறேனா, கல்யாணத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடறேனா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் நிலைமை சிரிப்பதற்கில்லை. ஏப்ரலில் துபாயில் நடக்கும் தேடல் விளம்பர மாநாட்டில் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ‘சின்னக் கடை, சின்னச் செலவு, பெரிய பலன்’ என்று தலைப்பும் கொடுத்துவிட்டேன். கடை இருக்கிறது, செலவும் இருக்கிறது. பலன்தான் இல்லை.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் உன்னைப் போல யாரையும் நான் பார்த்ததில்லை. உதவுவாயா?

நீ போன அன்று நடந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதாமல் முடிக்க முடியாது. ஜர்க்கா ஊர் நாற்காலிக் கம்பெனிக்கார அம்மாள் உன்னிடம் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன் விளம்பரக் கணக்கை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கோபத்தில்தான் எல்லோர் முன்னாலும் சொன்னேன், "ஒனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. ஆம்பளைங்க பேசினா டக்குனு பதில் சொல்ற. பொம்பளைங்க பேசினா மூஞ்சியத் திருப்பிக்கற" என்று. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீயும் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு இர்பிதுக்குப் பஸ் ஏறியிருக்கக் கூடாது.

பதில் போடு.

உன்,
லமீஸ்


இர்பித்,
ஜனவரி 22

லமீஸுக்கு,

சலாம். இங்கே எல்லோரும் நலம். ரீமாவின் மாடி அறையில் இருக்கிறேன். அவள் என்னை ஊட்டி ஊட்டிக் கெடுக்கிறாள்.

அபூ ஷாகிரின் விளம்பரத்தைப் பார்த்தேன். முதலில் வேண்டாத சொற்களை வெட்டு. கார், ஸ்பீக்கர், மைக், ஹெட்போன், பாட்டு, விளையாட்டு. இவற்றைத் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் காட்டவே கூடாது. பாதிக் காசு அங்கேதான் ஒழுகுகிறது.

அடுத்தது, ‘காது கேட்கும் கருவி’ என்ற சொல்லை நம்பாதே. தனக்குக் காது மந்தம் என்று ஒப்புக்கொண்டவர்தான் அதைத் தேடுவார். ஒப்புக்கொள்வதற்குப் பல வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அவர்கள் வேறு எதையோ தேடுகிறார்கள். அதுவும் ஏட்டுமொழியில் இல்லை, வீட்டில் பேசுகிற மொழியில், எழுத்துப் பிழையோடு. நாற்பது தேடல்களை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன், அவற்றைத் தேடுகிறவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டு. மாதிரிக்குச் சில:

அப்பா டிவி சத்தத்த ரொம்பக் கூட்டி வெக்கறார்
எல்லாரும் ஏன் முணுமுணுன்னு பேசறாங்க
தனியா பேசினா புரியுது கூட்டத்துல புரியல
போன்ல யார் பேசறாங்கன்னே தெரியல
முப்பத்தஞ்சு வயசுல காது மந்தமாகுமா
பதில் சொல்லலன்னா திமிர்னு நெனைக்கறாங்க
காது கேக்கலன்னு ஆபீஸ்ல சொன்னா வேலை போயிடுமா

விளம்பரத்தில் ஜெர்மனி வேண்டாம், சேனல் வேண்டாம். ‘மற்றவர்கள் பேசுவது தெளிவில்லையா? எழுதுங்கள், பதில் எழுதுகிறோம்’ என்றால் போதும்.

கடைசியாக, இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். விளம்பரத்தை அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் ‘உடனே அழையுங்கள்’ என்று பெரிய பச்சைப் பொத்தான் வைத்திருக்கிறாய். காது கேட்காதவர் எப்படி அழைப்பார், லமீஸ்? அதை எடுத்துவிட்டு வாட்ஸாப்பில் எழுதுகிற பொத்தானை வை.

நாற்காலிக் கம்பெனி விஷயத்தை விடு.

ஹதீல்


அம்மான்,
மார்ச் 3

அன்புள்ள ஹதீல்,

உன் கைக்கு முத்தம். முதல் வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது வாரம் அபூ ஷாகிர் போன் செய்தார்.

"மகளே, எழுதறாங்க, எழுதறாங்க, எழுதிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. டைப் அடிச்சு அடிச்சு என் வெரல் தேயுது. நான் என்ன பாவம் பண்ணேன்?"

"கடைக்கு வர்றாங்களா?"

"வர்றாங்கம்மா. உக்கார நாற்காலி இல்ல."

முன்பு வாரத்துக்கு இரண்டு பேர் வந்த கடை அது. போன வாரம் பத்தொன்பது பேர். ஸல்த் ஊரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தாராம். இரண்டு வருடமாகக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கேட்பது அவருக்குப் புரியவில்லையாம். கேள்வி கேட்கிற பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்துவிடுவாராம். கருவியை மாட்டிவிட்டதும் முதலில் அபூ ஷாகிரிடம் கேட்டது, "உங்க கடை ஃபேன் எப்பவும் இப்படித்தான் கத்துமா?"

அந்த ஆசிரியர் தேடியது எது தெரியுமா? ‘எல்லாரும் ஏன் முணுமுணுன்னு பேசறாங்க.’ உன் பட்டியலில் உள்ளது, ஓர் எழுத்துகூட மாறவில்லை.

துபாய்க்கு என்னோடு வா. மேடையில் நாம் இருவரும் பேசலாம். நீ பாதி, நான் பாதி. அமைப்பாளர்களிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றார்கள். இது உன் வேலை, ஹதீல். என் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

லமீஸ்


இர்பித்,
மார்ச் 9

லமீஸுக்கு,

அபூ ஷாகிரின் விரலுக்கு என் அனுதாபங்களைச் சொல்.

நான் வரவில்லை. என் பெயரையும் போட வேண்டாம். கூட்டம், கேள்வி நேரம், இடைவேளையில் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டு பேசுவது எல்லாம் எனக்கு ஒத்துவருவதில்லை என்று உனக்குத் தெரியும். போன தடவை பெய்ரூட் மாநாட்டில் நான் இரண்டு நாளும் அறையிலேயே இருந்தேன். நீதான் அதற்கும் ஒரு பெயர் வைத்தாய், ‘ராணியம்மா’ என்று.

நன்றாகப் பேசு. மெதுவாகப் பேசு, நீ பேச ஆரம்பித்தால் ரயில் ஓடும். பட்டியலை மேடையில் முழுதாகப் படிக்காதே, நாலு வரி போதும்.

ஹதீல்


துபாய்,
ஏப்ரல் 17

ஹதீல்,

மாநாட்டு மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். விளக்கு மட்டும் எரிகிறது.

நேற்று முழுக்க ஒரே பாட்டுதான். தேடல் சொல்லுக்கு ஆயுள் முடிந்துவிட்டது, இனி இயந்திரமே ஆளைப் பார்த்து விளம்பரம் காட்டும், சொல் பட்டியல் போடுகிறவர்கள் வேறு பிழைப்புப் பார்க்கலாம் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். கேட்ட கேள்விக்கு இயந்திரமே தேடல் பக்கத்தின் மேலேயே பதில் எழுதிவிடுகிறது, யாரும் கீழே இறங்கி எதையும் கிளிக் செய்வதில்லை என்று ஒரு பெண் படம் போட்டுக் காட்டினாள். அவள் சொன்னது உண்மைதான். நம் கணக்குகளிலேயே அது தெரிகிறது. நான் கொண்டுவந்திருந்ததோ கையால் எழுதிய நாற்பது வரி.

இன்று காலை என் முறை. நீ சொன்னபடி மெதுவாகத்தான் பேசினேன். பச்சைப் பொத்தான் கதைக்கு மண்டபமே சிரித்தது. நிறையப் பேர் குறித்துக்கொண்டார்கள். கேள்வி நேரத்தில் துனீசியாக்காரர் ஒருவர் எழுந்தார்.

"இந்தத் தேடலையெல்லாம் எந்த சாஃப்ட்வேர் குடுத்துச்சு?"

"சாஃப்ட்வேர் இல்லீங்க. என் கூட்டாளி எழுதினாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? இதுல பாதியை மாசத்துக்குப் பத்துப் பேர்கூடத் தேடியிருக்க மாட்டாங்க. எந்த சாஃப்ட்வேர்லயும் வராது. இன்னும் ரெண்டு படிங்களேன், கேப்போம்."

நாலு வரி போதும் என்று நீ எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. அடுத்ததைப் படித்தேன். முப்பத்தைந்து வயது, உன் வயது. அதற்கடுத்தது, பதில் சொல்லவில்லையென்றால் திமிர் என்று நினைக்கிறார்கள். அதைப் படித்து முடித்ததும் பட்டியலை மேலிருந்து மறுபடி எனக்குள்ளேயே படிக்க ஆரம்பித்தேன். கூட்டத்தை நடத்துகிற பெண் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்று மாதமாக அந்தப் பட்டியலைத் தினமும் திறந்து பார்க்கிறேன், ஹதீல். எந்த வரிக்கு எத்தனை கிளிக், எது லாபம், எது நஷ்டம் என்று பார்த்தேன். ஒரு தடவைகூட அதைப் படிக்கவில்லை. இன்றைக்குத்தான், முந்நூறு பேருக்கு முன்னால், வாய்விட்டுப் படித்தேன்.

எவ்வளவு நாளாக? அந்த ஜர்க்கா அம்மாள் பேசியது உனக்குக் கேட்கவே இல்லையா? நான் பேசியதும்?

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அழிக்கிறேன். ஒன்றும் பொருத்தமாக இல்லை. இர்பிதுக்கு வரட்டுமா? வராதே என்றாலும் எழுது.

லமீஸ்


இர்பித்,
மே 2

அன்புள்ள லமீஸ்,

உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு தடவை எழுதி அழித்தேன். இது மூன்றாவது.

நான்கு வருடமாக. உள்காது நரம்பு தேய்கிறது, காரணம் தெரியாது, திரும்பி வராது என்று டாக்டர் சொன்னார். முதலில் மெல்லிய குரல்கள் போகுமாம். பெண்கள் குரல், பிள்ளைகள் குரல். ஆண்களின் கனத்த குரல் எனக்கு இன்னும் ஓரளவு எட்டும். அதனால்தான் அவர்களுக்கு டக்கென்று பதில் சொன்னேன். உன் குரல் மெலிசு. நீயோ கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, விரலால் உதட்டைத் தட்டிக்கொண்டே பேசுவாய். இரண்டு வருடம் உன் உதட்டைப் படித்துத்தான் உன்னோடு வேலை செய்தேன். நீ விரலை எடுக்க மாட்டாயா என்று பல நாள் தவித்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதுதான் நம் தொழில். காது கேட்காத கூட்டாளியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று பயந்தேன். நீ என்னைப் போகச் சொல்ல மாட்டாய். பரிதாபப்பட்டு வைத்துக்கொள்வாய். அது அதைவிட மோசமாகத் தெரிந்தது. அன்று நீ தலைக்கனம் என்றபோது, ஒரு நிமிடம், நிம்மதியாகக்கூட இருந்தது. செவிடு என்று பெயரெடுப்பதைவிடத் திமிர்பிடித்தவள் என்று பெயரெடுப்பது எனக்கு லேசாக இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

நாற்பதில் பதினேழு நானே தேடியவை. மீதி ரீமாவின் மாமனாரைப் பார்த்து எழுதியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் வழக்கம்போல எதையோ தேடினேன். நம் விளம்பரம் வந்து நின்றது. ‘எழுதுங்கள், பதில் எழுதுகிறோம்.’ நான் எழுதிய வரிதான், எனக்குத் தெரியாதா? இருந்தும் கை தானாக அழுத்திவிட்டது. எழுதினேன். அபூ ஷாகிர் நிறையப் பிழையோடு பதில் எழுதினார், ‘வாங்க மகளே, டீ குடிச்சுக்கிட்டே பாக்கலாம்’ என்று. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மானுக்கு வந்தேன். உன் அலுவலகத்துக்கு வரவில்லை. நான் யாரென்று அவரிடமும் சொல்லவில்லை. இரண்டு காதுக்கும் வாங்கிக்கொண்டேன். பழைய காது திரும்பிவிடவில்லை. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கிறது. ஆனால் கேட்கிறது.

போன வாரம் இங்கே பல்கலைக்கழகச் சாலையில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போனேன். அவர்களுடைய தேடல் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அறைக்குள் நுழைந்ததும், உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், "எனக்குக் காது மந்தம். என்னப் பாத்துப் பேசணும், ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர் பேசணும்." மேலாளர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், முகம் இருட்டாக இருந்தது, உதடு தெரியவில்லை. எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து போட்டார். "இங்க உக்காந்தா சரியாத் தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றேன். உடனே வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான், லமீஸ். ஒரு நாற்காலியை நகர்த்துகிற நேரம். அதைக் கேட்கத் தைரியமில்லாமல், எட்டு வருடம் நாம் சேர்ந்து கட்டியதை விட்டுவிட்டு வந்தேன். நீயும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். திரும்பி வரமாட்டேன். என் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கோபத்தில் எழுதவில்லை. அங்கே வந்தால் மறுபடியும் உன் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இங்கே நான் முதல் நாளே சொல்லிவிட்டு உட்கார்ந்தவள்.

ஆனால் நீ வா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ரீமா மக்லூபா சோற்றைச் சட்டியிலிருந்து தட்டில் கவிழ்ப்பாள். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும், உன்னை ஒரு பிடி பிடிக்கத்தான் காத்திருக்கிறாள். வாங்கிக்கொள், எதிர்த்துப் பேசாதே. சாப்பிட்ட பிறகு நாம் இருவரும் பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில் உட்காரலாம். அங்கே சத்தம் இருக்காது. கேட்க வேண்டியதையெல்லாம் அங்கே வைத்துக் கேள்.

அன்புடன்,
ஹதீல்