வேப்பிலை கட்டாத வீடு

பினாங்கு,
1943 ஆவணி

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய புத்திரன் டாக்டர் நாகநாதன் அவர்கட்குத் தாயார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உமது மனைவி தவமணியும் சுகம். உம்மையும் தண்ணீர்மலை முருகன் காத்தருள்வானாக. உமது முன்கடிதத்துக்கு மறுமொழி தாமதித்தமையைப் பொறுத்தருள்க. தபாலில் போவதை அந்நியர் பிரித்து வாசிக்கிறார்கள் என்பதால், நீர் இருக்கும் சிங்கப்பூருக்கு வியாபாரமாகப் புறப்படும் பள்ளிவாசல் சாலைச் சிக்கந்தரை எதிர்பார்த்திருந்தேன்.

இதற்கிடையில் ஒரு காரியம் நேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி தன் மகளுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டுமென்று நேற்றுக் காலை நம் வேம்பில் இலை கேட்டு வந்தாள். அப்பொழுதுதான் அக்குழந்தைக்குக் கொப்புளிப்பான், இவ்வூரார் சொல்லும் சின்னம்மை, கண்டிருந்ததே எனக்குத் தெரியவந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் நிறைமாதக்காரியை அந்தப் படி ஏற விட்டிருப்பேனா? தவமணியோ சென்ற கிழமை அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்து, காய்ச்சலில் சிணுங்கிய பிள்ளையை மடியில் போட்டு உறங்கச் செய்தும் வந்திருக்கிறாள். ஏன் மறைத்தாய் என்று ஜெயலெட்சுமியைக் கேட்டேன். "இலையைக் கண்டா ஜப்பான்காரன் பெரியம்மைன்னு பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவான் அக்கா. உங்க பிள்ளையா இருந்தா கட்டுவீங்களா?" என்றாள். இலையைப் பறித்துக் கொடுத்தேன்.

பின்பு உமது கடிதத்தை எடுத்து மறுபடியும் வாசித்தேன். கொப்புளம் வற்றிச் சில வாரம் கழித்துப் பெற்றவர்களின் சிசுக்கள் சுகமாயிருந்தன என்றும், கொப்புளமும் பேறும் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், நேர்ந்தால் சிசுவின் உயிருக்கே மோசம் என்றும் உமது ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் கண்டதை எழுதியிருந்தீர். தவமணிக்குத் தொற்றியிருந்தால் இனிவரும் இரண்டொரு கிழமையில் தெரியும். மருத்துவிச்சி பேற்றுக்குக் குறித்திருப்பதும் அதே காலம். சிறுவயதில் வந்ததா என்பது அவளுக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள அவளுடைய தாயாரைக் கேட்கலாமென்றால் யுத்தம் தபாலை மறித்துவிட்டது. தவமணியின் நெற்றியிலுள்ள தழும்பைக் காட்டி, முன்பே வந்துபோனது, இனி ஒன்றும் வராது என்கிறாள் மருத்துவிச்சி. ஒற்றைத் தழும்பை நான் சாட்சியாக ஏற்பதற்கில்லை.

ஆயினும் நீர் கலங்கவேண்டாம். பள்ளிக்கூட வாசலை மிதியாமல் வீட்டிலேயே எழுத்துக் கற்ற உமது தாய் வேண்டியவற்றை ஒழுங்கு செய்தாயிற்று. தாய்க்குத் தொற்றினால் சிசுவைப் பிரித்து வைக்கப் பின்னறை தயார். அதை ஏந்துவதற்கு, இளமையிலேயே கொப்புளிப்பான் கண்டு தேறிய நான் இருக்கிறேன். டின் பால் கண்ணிற் காண்பதற்கில்லையாதலால் ஆட்டுப்பாலுக்கு ஆடு வளர்க்கும் அய்யாக்கண்ணுவிடம் சொல்லிவைத்துள்ளேன். தாயையும் பிள்ளையையும் பிரித்தால் அம்மாள் கோபிப்பாளாம், மருத்துவிச்சி கூறுகிறாள். நானும் அம்மாளைக் கும்பிடுகிறவள்தான். ஒரு சிசுவைக் காப்பாற்றியதற்காக அவள் கோபிக்கமாட்டாள்.

எனக்குத் தெரியாதது ஒன்றே. தவமணிக்குக் கொப்புளம் கண்டால் அவளுடைய பாலைக் கறந்து சிசுவுக்குப் புகட்டலாமா, அல்லது பாலிலும் அத்தொற்று உண்டா? பிறந்த பச்சை உடம்புக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. உமக்கு எழுதவேண்டாம் என்றுதான் தவமணி தடுத்தாள். "அவர் வந்தாலும் என்னைப் பார்க்கமாட்டார் மாமி, என்ர கொப்புளத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, வயிற்றைத் தடவியபடி போய்ப் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தாள். அதனாற்றான் எழுதுகிறேன்.

நோயாளரைத் தொட்ட கையோடு உண்ணாதேயும். நீண்ட ஆயுளும் குறையாத கீர்த்தியும் உமக்கு உண்டாகுக. பாலைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதினாலும் போதும். சிக்கந்தர் திரும்பும்போது அவர் கையிலேயே தாமதியாமல் பதில் கொடுத்தனுப்பும்.

இங்ஙனம்,
உமது தாயார்
ஐ. வள்ளிநாயகி