புதன்கிழமை ஆறு மணி

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் நீ. நர்ஸ் உடுப்பில் எடுத்த பழைய படம். உன் நினைவாக, சேர்ந்து வேதம் படித்து ஜெபிக்கப் பழக்கும் 'ஆவிக்குரிய தோழமைப் பயிற்சி' தொடங்கப்போகிறார்களாம். கீழே கமிட்டிக்காரர்களின் முகங்கள் வரிசையாக. செயலாளர் முகம் உன் முகத்தைவிடப் பெரிது. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

நீ என்னைவிட ஒன்பது வயது சின்னவள். சிதம்பரத்தில் வேலை, கடலூரில் வீடு. என் கணவர் இறந்த பிறகு நான் சும்மா சர்ச்சுக்கு வந்து உட்கார்ந்து போவதைக் கவனித்தவள் நீ ஒருத்திதான்.

"அக்கா, வாரத்துல ஒரு நாள் சேந்து வேதம் படிக்கலாமா? புதன்கிழமை ஆறு மணி. நாள மட்டும் மாத்தக்கூடாது."

சரி என்றேன், போகவில்லை. ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் ஆபீஸில் ஆடிட், ஒரு வாரம் மழை. டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்து, சர்ச்சின் ஞாயிறு பள்ளி அறையில் நீ தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு போன் செய்வாய்: "நான் கெளம்பறேன்க்கா. அடுத்த வாரம் இருப்பேன்." ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்காவது வாரம் வெட்கம் தாங்காமல் வந்தேன்.

என் மகள் என்னைக் கேட்காமல் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்தில் இருந்தாள். மூன்று வருடமாகப் பேச்சில்லை. அதை உன்னிடம் சொன்ன நாளிலிருந்து, ஜெபம் முடிந்ததும் ஒரே கேள்விதான்.

"பொண்ணுக்கு போன் பண்ணீங்களா?"

"வேற கேள்வியே தெரியாதா ஒனக்கு?"

"இதுக்கு பதில் வரட்டும், அடுத்தது கேக்கறேன்."

ஏறக்குறைய ஒரு வருடம் கேட்டாய். ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். "அம்மா" என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். மறுநாள் உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய், பிறகு நீயும் அழுதாய்.

அந்த அறைக்குள்தான் செயலாளர் வந்து நின்றார். "நீ என்ன பாஸ்டரா? பெரியவங்களுக்கு புத்தி சொல்ல யாரு பெர்மிஷன் குடுத்தா?"

"புத்தி சொல்லலண்ணா. சேந்து ஜெபம் பண்றோம்."

அவர் கையை நீட்டினார். நீ அறைச் சாவியைக் கொடுத்தாய். அடுத்த புதன் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்தில், சிமெண்ட் பெஞ்சில், சரியாக ஆறு மணிக்கு வேதத்தைத் திறந்தாய். எனக்குத்தான் அன்று ஒரு வசனமும் மனதில் நிற்கவில்லை.

பிறகு கேன்சர். சிதம்பரத்தில் உன் தங்கை வீட்டில் ஐந்து மாதம் கிடந்தாய். கமிட்டியிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் புதன்தோறும் பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கடைசிப் புதன் நான் உன்னைக் கேட்டேன், "ஒனக்கு எப்படிம்மா இருக்கு?"

"பயமா இருக்குக்கா. யார்கிட்டயும் சொல்லல."

உன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபித்தேன். பாதியில் குரல் உடைந்தது. "போதும்க்கா, பஸ்ஸ விட்டுறுவீங்க" என்றாய்.

இப்போது பேனர்! ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "சிஸ்டர், தொடக்க விழாவுல அவுங்களப் பத்தி நீங்கதான் சாட்சி சொல்லணும்."

"சொல்றேன். சாவிய வாங்குனதையும் சொல்லுவேன். அஞ்சு மாசம் யாரும் போய்ப் பாக்காததையும் சொல்லுவேன்."

"பழச ஏன் கிளர்றீங்க? இது அவுங்களுக்கு மரியாததானே?"

"உயிரோட இருந்தப்ப ஒரு ரூம் குடுக்க மனசு வரல. செத்த பிறகு என்ன மரியாத?"

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்டர் தரையைப் பார்த்தார். சாட்சி சொல்ல வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம். பார்க்கட்டும்.

நீ போன பிறகும் நான் புதனை விடவில்லை. இப்போது என் வீட்டுக் கூடத்தில். மகள் சிதம்பரத்திலிருந்து வருகிறாள், என் ஆபீஸ் பெண் ஒருத்தி வருகிறாள். இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு போன். செயலாளரின் மனைவி.

"அக்கா, நாளைக்கு நானும் வரலாமா? ரொம்ப நாளா மனசு சரியில்ல. அவருக்குத் தெரிய வேணாம்."

வராதே என்று சொல்லத்தான் வாய் துடித்தது. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்த வீட்டார் கர்ச்சீப்பும் கையுமாக நின்றது கண்ணில் வந்தது. என் கோபம் ஆறவில்லை, தெரிந்துகொள். ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும், "வாங்க" என்றேன்.

வந்தாள். அவளுக்கு என் பக்கத்தில்தான் இடம் போட்டேன்.