பிழையில்லாத பதில்

நவம்பர் 13, வியாழன்

இன்றும் பகல் முழுக்கப் பல்கலைக்கழகத்தில் பழைய தூதரகத் தந்திகள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மொஸ்கோவிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் தூதர்கள் தங்கள் அரசுகளுக்கு எழுதியவை. மற்றவனுடைய பயத்தை இரண்டு பக்கமும் சதி என்றே வாசித்திருக்கிறார்கள். எரிச்சலாக வந்தது. இவ்வளவு படித்த மனிதர்கள், ஒருதரம் நேரே கேட்டிருக்கக் கூடாதா?

பொழுதுபட வீட்டுக்கு வந்ததும் அப்பா கைபேசியை நீட்டினார். பேர்கன் நகரிலிருந்து சித்தப்பா, மகளின் கல்யாணக் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

"தமையன்ரை வீட்டை வந்து, கையிலை கார்ட் தந்து சொல்ல ஏலாதாம். வராதேங்கோ எண்டுதானே இதுக்கு அர்த்தம்?"

கடைசியாகச் சித்தப்பா வந்தபோது அப்பா அறையை விட்டு வெளியே வரவேயில்லை. இந்தமுறையும் அப்படி ஆகுமோ என்ற பயம் சித்தப்பாவுக்கு இருக்கலாம். அதை எப்படி அப்பாவிடம் சொல்வது?

"ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ அப்பா."

"ஏன், அவனுக்கு எடுக்கத் தெரியாதே?"

பிறகு அவரே ஒரு பதிலைத் தட்டி என்னிடம் காட்டினார். மணமக்களுக்கு வாழ்த்து. அன்றைக்கு வேலை இருப்பதால் வர முடியாததற்கு வருத்தம்.

"பார், இதிலை ஏதும் பிழை இருக்கோ?"

ஒரு பிழையும் இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை. பகல் முழுக்க நான் வாசித்தவையும் இப்படித்தான் இருந்தன.

"இல்லை அப்பா" என்றேன். அனுப்பிவிட்டார்.

சித்தப்பா பார்த்துவிட்டார். பதில் இல்லை. அப்பா இன்னும் கைபேசியைக் கீழே வைக்கவில்லை.

சித்தப்பாவின் இலக்கம் என்னிடமும் இருக்கிறது. நானும் எடுக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.